கார்பரேட்டர் வண்டிகளுக்கு ஒரு மூன்றாவது வழி

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்ததோடு, நம் தேசத்தில் புதிதாகத் தயாராகும் பெட்ரோல் வண்டிகளில் கார்பரேட்டரின் ஆட்சி ஏறக்குறைய முடிவுற்றது. கார்களில் அதற்கு வெகு காலம் முன்பே இடம் பிடித்துவிட்ட இன்ஜெக்ஷன் முறை, அன்று முதல் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பொது விதியாயிற்று. திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய நாள்தொட்டுக் கார்பரேட்டரை நம்பியே ஓடிவந்த புல்லட் 350கூட அதை ஏற்றுக்கொண்டது. புது வண்டி வாங்குகிறவருக்கு இதனால் கவலை எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முன்னே வாங்கப்பட்டு, கைமாறிக் கைமாறிச் சிற்றூர்ச் சந்தைக்கும் மலைத் தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளின் கதி என்ன என்ற கேள்விக்கு, அரசாங்கத்திடமிருந்து இதுகாறும் கிடைத்திருக்கும் விடைகள் இரண்டுதான்: புகைச் சான்றிதழ் கிடைக்கும் வரையில் இருக்கிறபடியே ஓட்டிக்கொள்ளலாம், கிடைக்காதபோது உடைத்துப் பழைய இரும்பாக்கிவிடலாம்.

மூன்றாவது விடை ஒன்று உண்டு என்பதும், அதை நாம் தீவிரமாக யோசிக்க வேண்டிய தருணம் வந்துவிட்டது என்பதும் என் அபிப்பிராயம். நல்ல நிலையிலுள்ள பழைய எஞ்சின்களின் இன்டேக் மேனிபோல்டைத் திருத்தி, அவற்றை இன்ஜெக்ஷனுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டபூர்வமான அனுமதி அளிப்பதும், அந்தக் காரியத்தைச் செய்யத் தகுதி படைத்த பட்டறைகளைப் பரீட்சித்து அங்கீகரிப்பதுமே அந்த விடை. இது வேகப் பிரியர்களின் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பந்தயக்காரர்களிடமிருந்துதான் இந்தக் கலை பிறந்தது என்பது ஓரளவு உண்மையே. எனினும் இதனால் அடையக்கூடிய மேலான பயன் வேகத்தில் இல்லை, எரிபொருளைத் துல்லியமாக அளந்து கொடுப்பதில் இருக்கிறது. அந்தத் துல்லியம் எங்கே கிடைக்கிறது, எங்கே கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் என் கோரிக்கையின் நியாயம் விளங்கும் என்பதால், வாசகர்கள் கொஞ்ச தூரம் எஞ்சினுக்குள்ளே என்னோடு வர வேண்டும்.

கார்பரேட்டர் வேலை செய்யும் விதம் மிகவும் எளியது. எளியதாக இருந்ததனாலேயே அது நூறாண்டுக் காலம் நிலைத்து நின்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே இழுக்கப்படும் காற்று, கார்பரேட்டரின் நடுவில் ஒடுங்கியிருக்கும் கழுத்தைக் கடக்கையில் வேகம் மிகுந்து அழுத்தம் குன்றுகிறது. அந்தக் குன்றிய அழுத்தம், மிதவைத் தொட்டியிலுள்ள பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளையின் வழியே ஈர்த்துக் காற்றோடு கலக்கிறது. அந்தக் கலவையைச் சிலிண்டர்தோறும் பங்கிட்டுக் கொண்டுசேர்ப்பதே மேனிபோல்டின் கடமை. பார்வைக்கு அது கிளை பிரிந்த ஓர் அலுமினிய வார்ப்பு, அவ்வளவுதான்; ஓடும் பாகம் ஒன்றும் அதில் கிடையாது; ஆகவே மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் கார்பரேட்டரைப் பத்து முறை கழற்றித் துடைத்தாலும், மேனிபோல்டை ஒரு முறைகூடக் கழற்றிப் பார்ப்பதில்லை. ஆனால் எஞ்சினின் சுபாவத்தை நிர்ணயிப்பதில் அதற்குள்ள பங்கு, கார்பரேட்டருக்குள்ள பங்குக்குச் சிறிதும் குறைந்ததல்ல.

காற்று மாத்திரம் போகும் பாதையாக இருந்தால் அதை அமைப்பது சுலபம். கார்பரேட்டர் எஞ்சினிலோ காற்றோடு திரவமும் சேர்ந்து பிரயாணம் செய்கிறது. பெட்ரோலில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. மற்றொரு பகுதி, காற்றைப்போல வளைவுகளில் திரும்ப மாட்டாமல், சுவரில் மோதி ஈரப் படலமாகப் படிந்து, மெல்ல ஊர்ந்து, எந்தச் சிலிண்டருக்கு வழி தாழ்வாக இருக்கிறதோ அதற்குள் போய்ச் சேருகிறது. ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது எஞ்சின் ஒரு கணம் தடுமாறுவதும், விடும்போது வெந்தும் வேகாத பெட்ரோல் வாடை புகைக்குழாயில் வீசுவதும் பெரும்பாலும் இந்தப் படலத்தின் காரியமே. அந்தப் படலத்தை ஆவியாக்குவதற்காகவே, பழைய மேனிபோல்டுகளைப் புகைக்குழாயின் சூட்டோடு ஒட்டியோ, எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீரை அவற்றின் அடியில் ஓடவிட்டோ சூடாக வைத்தார்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் சக்தியும் குறையும். ஆனாலும் அந்த நஷ்டத்தை ஏற்காமல் வேறு வழியில்லை. கலவையின் வேகம் தளர்ந்தால் துளிகள் கீழே விழுந்துவிடும் என்பதற்காகக் குழாய்களையும் ஒடுக்கமாக வைத்தார்கள். அதனால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மூச்சு முட்டும். இவ்விதம் அந்த வார்ப்பின் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு விட்டமும், திரவத்தை ஏற்றிச் செல்ல வேண்டிய நிர்ப்பந்தத்தினால் செய்துகொண்ட ஒரு சமரசம்.

இன்ஜெக்ஷன் முறையில் அந்த நிர்ப்பந்தம் நீங்கிவிடுகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் ஓர் இன்ஜெக்டர் உட்கார்ந்து, உள்ளிழுக்கும் வால்வின் சூடான முதுகின்மேல் பெட்ரோலை நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறது. அதுவரையில் குழாயில் வருவது உலர்ந்த காற்று மட்டுமே. குழாயைச் சூடாக்க வேண்டிய தேவை போய்விட்டது. அகலமாகவும் வைக்கலாம், நீளமாகவும் வைக்கலாம். வால்வு மூடும்போது காற்றில் எழும் அழுத்த அலை குழாயின் மறுமுனைக்குச் சென்று திரும்பிவந்து, அடுத்த முறை வால்வு திறக்கும் சமயத்தில் சற்று அதிகமான காற்றைத் தள்ளிக்கொடுக்கும்படி அந்த நீளத்தைக் கணித்து அமைப்பதற்கும் இடமுண்டு. எவ்வளவு நேரம் பீய்ச்ச வேண்டும் என்பதை, மேனிபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், கிராங்கின் வேகம், காற்று வழியின் கதவான திராட்டில் திறந்திருக்கும் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் மூலம் அறிந்து, இ.சி.யு. என்னும் சிறு கணிப்பொறி வினாடிக்குப் பல தடவை முடிவு செய்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் பழைய வண்டி, உயரம் கூடக் கூடச் சக்தியிழந்து பெட்ரோல் வாடை வீசுவதை அந்தச் சாலையில் பிரயாணம் செய்த பலரும் கண்டிருப்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஜெட்டின் துளையோ சமவெளியில் இருந்த அதே அளவில் இருக்கிறது. காற்றை அளந்து பெட்ரோலைக் கொடுக்கும் எஞ்சினுக்குக் குன்னூரும் கோவையும் ஒன்றே. சக்தியில் ஒரு பகுதி மலையில் அதற்கும் குறையத்தான் செய்யும், கலவை கெடாது.

ஆனால் பழைய மேனிபோல்டில் நான்கு துளைகளைப் போட்டு, நான்கு இன்ஜெக்டர்களைச் செருகிவிட்டால் இத்தனையும் கிட்டிவிடும் என்று நினைப்பது பெரும் பிழை. இணையத்தில் சில நிமிஷப் படங்களைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கிய பட்டறைகளிலிருந்து, முன்னைவிட மோசமாக ஓடும் வண்டிகள் வெளிவருவதற்கு இந்த எண்ணமே காரணம். இன்ஜெக்டர் பீய்ச்சும் கூம்பு எதிரிலுள்ள சுவரில் படாமல், வால்வின் முதுகை நோக்கியே விழ வேண்டும். சுவரில் பட்டால், எந்த ஈரப் படலத்தை ஒழிப்பதற்காக இவ்வளவு பிரயாசையும் படுகிறோமோ, அதே படலம் மறுபடியும் உண்டாகிவிடும். ஆகவே துளை போடுவதற்கு முன்பே, சிலிண்டர் ஹெட்டின் வாசலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, வால்வின் நிலையையும் கோணத்தையும் குறித்துக்கொண்டு, அந்தக் கோணத்திலேதான் இன்ஜெக்டரின் இருக்கை அமைய வேண்டும். வார்ப்பின் சுவர் அநேகமாக மெல்லியது. வெறுமனே துளைத்தால் ரப்பர் வளையம் பிடிப்பதற்கு ஆழம் போதாது. லேத்தில் கடைந்தெடுத்த தடித்த அலுமினிய வளையம் ஒன்றை அங்கே பற்றவைத்த பிறகே துளையைச் சுத்தமாகக் குடைய வேண்டும்.

பற்றவைப்பதிலும் அபாயங்கள் உண்டு. பல ஆண்டுகள் எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய அலுமினிய வார்ப்பின் நுண்துளைகளுக்குள் அழுக்கு புகுந்திருக்கும். அதைச் சூடாக்கி வெளிக்கொணர்ந்து துடைக்காமல் வெல்டிங் செய்தால், பற்றுமுனை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சல்லடையாக இருந்து காற்றைக் கசியவிடும். கசியும் காற்று கணக்கில் வராத காற்று. அந்தச் சிலிண்டர் மட்டும் வறண்ட கலவையில் எரிந்து, நாளடைவில் வால்வையும் பிஸ்டனையும் கருக்கும். வெல்டிங்கின் சூட்டில் மேனிபோல்டின் முகப்பு கோணிக்கொள்ளும். எஞ்சின்மேல் பூட்டும்போது போல்ட்டை அதிகமாக முறுக்கி அந்தக் கோணலை மறைக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது கூடாது. மில்லிங் எந்திரத்தில் வைத்து முகப்பைத் தட்டையாக்கியே தீர வேண்டும். பின்பு கேஸ்கட்டை நடுவே வைத்து, மேனிபோல்டின் வாசலும் ஹெட்டின் வாசலும் படி விழாமல் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியில், துளைத்ததினால் விழுந்த அலுமினியத் தூள் ஒரு மணியளவுகூடக் குழாய்க்குள் தங்காதபடி கழுவியாக வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தை அலட்சியம் செய்தவர்கள், முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்றே சிலிண்டரின் சுவரில் கீறலைச் சம்பாதித்துக்கொள்வார்கள். இத்தனை நுட்பங்களையும் நான் விவரிப்பதற்குக் காரணம் உண்டு: இவற்றில் ஒன்றுகூட அந்நிய நாட்டு ஆய்வுக்கூடங்களில் மட்டுமே செய்யக்கூடிய அபூர்வ வித்தையல்ல, நல்ல லேத்தும், மில்லிங் எந்திரமும், அலுமினியத்தில் கை தேர்ந்த வெல்டரும், பொறுமையும் இருந்தால் நம் ஊர்களில் முறையாகச் செய்து முடிக்கக்கூடியவை.

எல்லா எஞ்சினுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதற்கு நம் அம்பாசடர் காரே சிறந்த உதாரணம். அதில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியினர் வகுத்த அமைப்பு. நான்கு சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினில், உள்ளிழுக்கும் வாசல்கள் நான்கல்ல, இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரு வாசலையும், மூன்றும் நான்கும் மற்றொரு வாசலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பதால், மூன்றாம் சிலிண்டர் இழுத்து முடிப்பதற்கு முன்பே அதே வாசலிலிருந்து நான்காவது இழுக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவதைத் தொடர்ந்து முதலாவதும் அப்படியே. அதற்குப் பிறகு அந்த வாசல் வெகுநேரம் சும்மா இருக்கிறது. கார்பரேட்டர் உள்ளவரையில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே வருவதால் குறை ஒருவாறு மறைந்திருந்தது. அந்த வாசலில் ஒரு சாதாரண இன்ஜெக்டரைப் பொருத்திவிட்டாலோ, வால்வுகள் மூடியிருக்கும் நேரத்தில் வாசலில் சேர்ந்த பெட்ரோல் முழுவதையும் முந்தித் திறக்கும் சிலிண்டர் வாரிக்கொண்டுவிடும். தலைமடைக்காரன் நீரைக் கட்டிக்கொண்ட பின் கடைமடை வயல் வாடுவதுபோல, பிந்தித் திறக்கும் சிலிண்டருக்கு வறண்ட கலவையே மிஞ்சும்.

இதிலே மோசம் என்னவென்றால், புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் நான்கு சிலிண்டர்களின் சராசரியையே பார்க்கிறது. இரண்டு சிலிண்டர்கள் பெட்ரோலில் மூழ்கியும் இரண்டு வறண்டும் இருக்கையில், சராசரி சரியாக இருக்கிறதென்று அது திருப்தி அடைந்துவிடும். அதே குலத்தைச் சேர்ந்த சிறிய எஞ்சினைக் கொண்டிருந்த மினி காருக்கு ரோவர் கம்பெனியினர் இரண்டு வெவ்வேறு பரிகாரங்களைக் கண்டார்கள். 1991இல் கார்பரேட்டர் இருந்த இடத்திலேயே ஒற்றை இன்ஜெக்டரை வைத்தார்கள். 1996இல் வாசலுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர்களைப் பொருத்தி, எந்தச் சிலிண்டர் எப்போது இழுக்கிறது என்பதை அறிந்து, அதற்குரிய பங்கை அதற்குரிய கணத்தில் பீய்ச்சும்படி அமைத்தார்கள். ஆகையால் பழைய அம்பாசடரை மாற்ற விரும்புகிறவர்களுக்கு, மேனிபோல்டின் கிளைகளைத் தொடாமல், அடியிலுள்ள சூட்டையும் அகற்றாமல், கார்பரேட்டரின் இருக்கையில் ஒற்றை இன்ஜெக்டர் கொண்ட திராட்டில் பாடியை வைக்கும் முதல் வழியே உசிதமானது என்று நான் கருதுகிறேன். ஆடம்பரம் குறைந்த வழி அது. ஆனால் அந்த எஞ்சினின் பிறவிக் குணத்தோடு சண்டையிடாத வழி.

இவ்வளவு சிரமப்பட்டு மாற்ற வேண்டிய அவசரம் இப்போது என்ன வந்தது என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் சொல்லுவேன். முதலாவது, புகை. வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1967இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்ஷனைத் தங்கள் 1600 காரில் ஏற்றியபோது, அதற்குத் தூண்டுகோலாக இருந்தவை வேகப் போட்டிகளல்ல, அமெரிக்காவில் அப்போது வந்துகொண்டிருந்த புகைச் சட்டங்களே. பின்னர் 1976இல் வோல்வோ கார்களில் ஆக்ஸிஜன் சென்சார் வந்து சேர்ந்ததும், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்னும் விகிதத்தை விட்டு விலகாமல் எஞ்சினை நடத்துவது சாத்தியமாயிற்று. அந்த விகிதத்தில்தான் மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்ய முடியும். கார்பரேட்டர் வண்டியில் அதைப் பொருத்தினாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுபோனபடியால், மாற்றப்பட்ட பழைய வண்டியில் கன்வெர்ட்டரையும் சேர்ப்பதற்கு இன்று தடை ஏதும் இல்லை.

இரண்டாவது காரணம் அதைவிட அவசரமானது, அதுதான் எத்தனால். பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பதை 2030இல் எட்டுவதென்று முதலில் வைத்திருந்த இலக்கை 2025க்கே முன்கொணர்ந்து, அரசாங்கம் அதை நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனால் எரிவதற்கு அதன் எடையைப்போல ஒன்பது மடங்கு காற்றே போதும். ஆகவே 20 சதவிகிதக் கலவைக்குத் தேவையான விகிதம் ஏறக்குறைய 13.5 ஆக இறங்கிவிடுகிறது. சுத்தமான பெட்ரோலுக்கென்று துளையிடப்பட்ட ஜெட், தன்னிடம் வருவது எதுவென்று அறியாமல் பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் கலவை சுமார் எட்டுச் சதவிகிதம் வறண்டுபோகும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், இழுவை குறைவதும், எஞ்சின் சூடேறுவதும் பழைய வண்டிக்காரர்கள் இன்று சொல்லும் குறைகள். அவற்றில் ஒரு பகுதிக்கேனும் இதுவே காரணம். ஆக்ஸிஜன் சென்சாரோடு கூடிய இன்ஜெக்ஷன் எஞ்சினோ, புகையைச் சோதித்து, பீய்ச்சும் நேரத்தைத் தானே நீட்டிக்கொள்ளும். எத்தனாலில் அடங்கிய வெப்பம் பெட்ரோலினும் குறைவு என்பதால் மைலேஜில் வரும் நஷ்டத்தை அது ஈடு செய்யாது. எத்தனால் அரிக்கக்கூடிய பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் எப்படியும் மாற்றியாக வேண்டும். ஆனால் எரிபொருளையே மாற்றிவிட்டு, அதற்கேற்ப எஞ்சினை மாற்றிக்கொள்ளும் உரிமையை மட்டும் குடிமகனுக்கு மறுப்பது நியாயமாகாது.

இன்றைய சட்டம் மறுக்கத்தான் செய்கிறது. அல்லது, மறுக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் அவனை நிறுத்திவைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வியாக்கியானம் செய்தது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கலாம். காதைப் பிளக்கும் சைலன்ஸரையும், கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும், சேசிஸை அறுத்து ஒட்டுகிற துணிச்சலையும் தடுப்பதற்கு இத்தகைய கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் புகையைக் குறைப்பதற்காக மேனிபோல்டைத் திருத்துகிறவனையும், தெருவில் கூச்சல் போடுவதற்காகச் சைலன்ஸரைக் குடைகிறவனையும் ஒரே தராசில் நிறுப்பது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

அதே 52ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கு மாற்றுவதற்கு, அங்கீகாரம் பெற்ற சாதனத்தை அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டமே வழிசெய்து, பல ஆண்டுகளாக அது நடைமுறையில் இருந்துவருகிறது. அழுத்தம் மிகுந்த வாயுச் சிலிண்டரை டிக்கியில் ஏற்றுவதற்கு ஒழுங்கான விதி வகுக்க முடிந்த அரசாங்கத்துக்கு, நான்கு இன்ஜெக்டர்களுக்கு விதி வகுப்பது கடினமாகுமா? எஞ்சின் வகைக்கு ஒன்றாக மாதிரிச் சாதனத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கட்டும். அதற்கு வெளிமாநிலம் போக வேண்டியதும் இல்லை, சென்னையை அடுத்த ஓரகடத்திலேயே மத்திய அரசு நிறுவிய வாகனச் சோதனைக் கேந்திரம் இருக்கிறது. சான்று பெற்ற சாதனத்தைப் பொருத்தும் பட்டறைக்கு லைசென்ஸ் கொடுக்கட்டும். பொருத்திய வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பரிசோதித்துப் பதியட்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை மட்டும் இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கிவைக்கலாம். 2021இல் வந்த விதிகள், அத்தகைய புராதன வாகனங்கள் மூல வடிவத்திலேயே காக்கப்பட வேண்டும் என்கின்றன. அது சரியான கொள்கை, ஏனெனில் அவை சரித்திரச் சான்றுகள்.

ஆட்சேபங்களில் மிகவும் கனமானது தீ விபத்தைப் பற்றியது. அதை இலேசாக எண்ணிவிட முடியாது. கார்பரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பின் அழுத்தம் மிகவும் சொற்பம். இன்ஜெக்ஷன் குழாயிலோ அது காற்றுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல மூன்று மடங்கு இருக்கும். பழைய ரப்பர்க் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பம்பை மாட்டினால், ஒரு வெடிப்பு போதும், சூடான புகைக்குழாயின்மேல் பெட்ரோல் சாரலாக விழுந்துவிடும். ஆகவே தொட்டியிலிருந்து எஞ்சின் வரையிலும், திரும்பித் தொட்டி வரையிலும் குழாய்கள் அனைத்தும் அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். எஞ்சின் நின்ற மறுகணமே பம்பும் நிற்கும்படி மின்னிணைப்பு அமைய வேண்டும். இவை கட்டாயமாக்கப்பட வேண்டிய விதிகள். ஆனால் தடை இருப்பதனால் இந்த வேலை நடக்காமல் நின்றுவிடவில்லை. மறைவிலே, சோதிப்பார் இல்லாமல், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்தவற்றை எவர் கண்ணிலும் படாதபடி பூட்டிக்கொண்டு நடக்கிறது. அபாயம் மாற்றத்தில் இருப்பதைவிட அந்த மறைவிலேதான் அதிகம் இருக்கிறது.

செலவு அதிகமாகுமே என்பதும் மெய்தான். வண்டியின் விலையில் பெரும் பகுதியைச் சாதனமே விழுங்கிவிடுமானால், அந்த வண்டிக்காரர் மாற்ற மாட்டார், மாற்றவும் வேண்டியதில்லை. யாரையும் வற்புறுத்த நான் சொல்லவில்லை.

நம் மாநிலத்தில் இதற்குத் தேவையான திறமை இல்லையென்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்குக் கோவையைக் காட்டினால் போதும். வார்ப்பாலைகளும் பம்பு செட்டுகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த அந்த நகரிலிருந்துதான், எஸ். கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் பயிற்றுவித்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பரம்பரை அறிவு பந்தய மைதானத்தோடு நின்றுவிடாமல் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குள் நுழைய வேண்டும். அங்கே மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் மாணவன், இன்ஜெக்ஷன் எஞ்சினின் கோளாறை ஸ்கேனர் கருவியில் எண்ணாகப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒரு மேனிபோல்டைத் தன் கையால் அளந்து, துளைத்து, பற்றவைத்து, முகப்பைத் தட்டையாக்கி, வாக்குவம் கசிகிறதா என்று சோதித்துப் பார்த்தவனுக்கே அந்த எண்ணின் பொருள் முழுமையாக விளங்கும். பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறவனாக மட்டும் மெக்கானிக்கை ஆக்கிவருகிற இக்காலத்தில், காரணம் அறிந்து காரியம் செய்கிறவனை உண்டாக்குவதற்கு இதைவிடத் தக்க பாடத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மாருதி 800இலிருந்து தொடங்கலாம் என்பேன். 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரையில் தயாரான அந்தக் காரின் 796 சி.சி. எஞ்சின், மூன்றே சிலிண்டர்கள் கொண்டது. அதைத் தயாரித்தவர்களே முதலில் கார்பரேட்டரோடும் பிற்பாடு இன்ஜெக்ஷனோடும் விற்றிருப்பதால், இன்ஜெக்டரும் சென்சாரும் திராட்டில் பாடியும் உதிரிபாகக் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. பிந்திய மேனிபோல்டு முந்திய ஹெட்டில் அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. வாசல்களின் அமைப்பை அளந்து பார்த்தே அதைத் தீர்மானிக்க வேண்டும். போக்குவரத்துத் துறையும் ஓரகடத்துக் கேந்திரமும் கோவையின் பாலிடெக்னிக்குகளும் கூடி, வெவ்வேறு வயதுள்ள பழைய 800 கார்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன்பும் பின்பும் புகையையும் மைலேஜையும் சமவெளியிலும் நீலகிரி ஏற்றத்திலும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஆன செலவையும் சேர்த்து, அந்த எண்களைச் சாதகமானாலும் பாதகமானாலும் மறைக்காமல் தமிழிலேயே வெளியிடட்டும். 52ஆம் பிரிவுக்கு மேற்கொண்டு ஒரு விலக்கு வேண்டுமென்று மத்திய அரசாங்கத்துக்கு நம் மாநிலம் எழுதும் கடிதத்தோடு அந்த அறிக்கையையே இணைத்து அனுப்பலாம்.